யு அத்தையின் அவதாரங்கள்

விமானக் கிறுக்கு பிடிச்ச ஆளுங்க நாலு பேர் ஒண்ணு சேர்ந்தா ஒரு பேச்சு கட்டாயம் வரும். "இந்த விமானத்துல மட்டும் எத்தனை வகை தெரியுமா?" எத்தனை வகையோ அத்தனை பெருமை. அதிகம் வகை வந்த விமானம்தான் நல்ல விமானம்ங்கிறது எங்க ஜாதியில் எழுதப்படாத சட்டம். அந்தப் போட்டியில் எப்பவும் முன்வரிசையில் உட்காருவது ஜெர்மனியின் யுங்கர்ஸ் யு-52. (ஜெர்மன்காரங்க 'ஜே' எழுத்தை 'ய'ன்னு தான் உச்சரிப்பாங்க. ஜங்கர்ஸ்னு சொன்னா மூஞ்சியைச் சுளிப்பாங்க.)

இந்தச் சட்டத்தை நான் ஒத்துக்கறதில்லை. யு-52-க்கு இத்தனை வகை வந்தது அதன் பெருமை மட்டும் இல்லை, அதன் சாபமும் அதுதான். ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீ காபி ஏதாவது கையில் வெச்சுக்கோங்க :-)

முதலில் ஆளை அறிமுகம் செஞ்சுடறேன்

படம் பார்த்திருப்பீங்க. வேர் ஈகிள்ஸ் டேர் படத்துல பனிமலைக்கு மேலே மூணு எஞ்சினோட உறுமிக்கிட்டு ஒரு விமானம் போகுமே, அதேதான். மூக்கில் ஒரு எஞ்சின், இரண்டு இறக்கையிலும் ஆளுக்கொண்ணு. சக்கரம் உள்ளே மடங்காது, தொங்கிட்டே இருக்கும். உடம்பு முழுக்க கூரைத் தகரம் மாதிரி நெளி நெளியான தகடு. பார்க்க அழகுன்னு யாரும் சத்தியம் பண்ண மாட்டாங்க. ஆனா ஒரு தடவை பார்த்தா மறக்காது. ஜெர்மன் சிப்பாய்கள் இதுக்கு வெச்ச செல்லப் பெயர் "யு அத்தை".

அந்த நெளி தகடு அலங்காரத்துக்கு இல்லை. ஹூகோ யுங்கர்ஸ் என்ற மனுஷன் ஆஹன் நகரத்தில் பேராசிரியராக இருந்தவர். டெஸ்ஸாவ் நகரத்தில் குளியலறை வெந்நீர் கீசர் செய்து விற்ற கம்பெனியின் முதலாளி. மெல்லிய உலோகத் தகட்டை எப்படி வளைக்கணும், எப்படி ஒட்டணும் என்பது அவருக்குத் தண்ணி பட்ட பாடு. மற்றவங்க எல்லாம் மரச்சட்டத்தில் துணி போர்த்தி விமானம் செய்துகொண்டிருந்தபோது, 1915-லேயே முழுக்க உலோகத்தில் ஒரு விமானம் செய்து பறக்கவிட்டவர். பிறகு 1919-ல் எஃப்-13 என்ற முழு உலோகப் பயணிகள் விமானம். டியூராலுமின் தகட்டை நெளித்துவிட்டால் எடை கூடாமல் விறைப்பு கூடும் என்பதுதான் சூட்சுமம். அதற்குக் கொடுத்த விலை, காற்றில் கூடுதல் இழுவை, அதனால் வேகம் குறைவு. இந்த விலையை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

யு-52-ஐ வரைந்தவர் யுங்கர்ஸின் தலைமை வடிவமைப்பாளர் எர்ன்ஸ்ட் ஸிண்டெல். 1930-ல் முதலில் பறந்தபோது அதற்கு மூணு எஞ்சின் கிடையாது. மூக்கில் ஒரே ஒரு பெரிய எஞ்சின். பயணிகளும் கிடையாது, சரக்குதான். பறக்கும் லாரி என்று சொன்னால் சரியாக இருக்கும். பெரிய பெட்டிகளை கிரேன் வைத்து மேலிருந்து இறக்க கூரையிலேயே ஒரு கதவு வைத்தார்கள். இந்த ஒற்றை எஞ்சின் வகை விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் விற்றது. அதில் ஒன்று 1931-ல் கனடாவுக்குப் போனது. ரோடே இல்லாத வடக்குக் காடுகளுக்கு இயந்திரமும் சாமானும் தூக்கிக்கொண்டு போனது. அந்த நேரத்தில் கனடாவிலேயே பெரிய விமானம் அதுதான்.

1932-ல் அதே உடம்பில் மூணு எஞ்சின் பொருத்தினார்கள். அதுதான் 3எம். 'எம்' என்றால் மோட்டார், அவ்வளவுதான். கதை உண்மையில் இங்கேதான் தொடங்குது.

கேட்டவருக்குக் கேட்டது

யுங்கர்ஸ் கம்பெனியின் பெயர்வைப்பு முறை ரொம்ப சுவாரசியம். 3எம்-க்குப் பின்னாடி சின்னதா சில எழுத்துகள் வரும். முதல் எழுத்து உடம்பில் என்ன மாற்றம் என்று சொல்லும். கடைசி எழுத்து என்ன எஞ்சின் என்று சொல்லும். கடைசியில் 'இ' வந்தால் அமெரிக்காவின் ஹார்னெட் எஞ்சின், அல்லது அதை லைசென்ஸ் வாங்கி பிஎம்டபிள்யூ செய்த 132. பின்னாளில் ஹிட்லரைத் தூக்கிக்கொண்டு பறந்த விமானத்தின் இதயம் அமெரிக்க வம்சாவளி. இதை நினைச்சு நினைச்சு சிரிக்கலாம்.

இந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிச்சா, தையல்கடை அளவு நோட்டைப் படிக்கிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு வரியும் ஒரு வாடிக்கையாளர்.

பொலிவியாவின் லாயிட் ஏரோ கம்பெனி, 3எம் வாங்கிய முதல் ஆட்களில் ஒன்று. ருமேனியாவின் இளவரசர் பிபெஸ்கு சர்வதேச வானூர்தி சம்மேளனத்தின் தலைவர். அவருக்கென்று தனியாக ஒன்று, பிஏ வகை, மூணும் ஹிஸ்பானோ-சுவிசா எஞ்சின். இத்தாலிக்குப் போனது எல்யூ வகை, அவங்க நாட்டு பியாஜியோ எஞ்சினோடு. லுஃப்ட் ஹன்சா இரண்டு விமானங்களில் டீசல் எஞ்சினைப் போட்டுப் பார்த்தது, அது ஹெச்ஓ. ஆமாங்க, டீசல் விமானம்! நார்வே, சுவீடன், பின்லாந்து மாதிரி இடங்களில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மிதவை மாட்டிக் கடலில் இறக்கினார்கள். பனிக்காலத்தில் சறுக்குக்கட்டை. தென்னாப்பிரிக்காவில் ஓடியது. சீனாவில் ஓடியது. 1937-ல் லுஃப்ட் ஹன்சாவின் கப்ளென்ஸ் பெர்லினில் இருந்து காபூல் வழியாகப் பாமீர் மலையைத் தாண்டிச் சீனாவுக்கு வழி தேடிப் போனது இதில்தான். திரும்பும்போது கோத்தானில் இறங்கவேண்டி வந்து, உள்ளூர் ஆட்கள் பிடித்துச் சில வாரம் சிறை வைத்தது தனிக்கதை.

இந்த வகைகளை எல்லாம் நான் மனசாரப் பாராட்டறேன். ஏன்னா ஒவ்வொரு வகைக்குப் பின்னாடியும் ஒரு மனுஷனோட தேவை இருக்கு. "எங்க ஊர்ல ஓடுபாதை இல்லீங்க, தண்ணிதான் இருக்கு." "எங்க ஊர் உயரம் ஜாஸ்தி." "எங்க மெக்கானிக்குக்கு எங்க நாட்டு எஞ்சின்தான் தெரியும்." கேட்கிறவன் கேட்க, செய்கிறவன் செய்து கொடுக்க, விமானம் அந்தந்த ஊர் ஆளாக மாறிப்போனது. இறக்கைக்குப் பின்னால் தனி இறக்கை மாதிரி தொங்குகிற மடல்கள் இருந்ததால் மெதுவாகப் பறந்து சின்ன இடத்தில் இறங்க முடிந்தது. நல்ல அடிப்படை வடிவம் என்றால் இதுதான். இதுவரைக்கும் எனக்கும் மற்ற விமானக் கிறுக்கர்களுக்கும் சண்டையே இல்லை.

கேட்கிற ஆள் மாறிய வருஷம்

1933. ஹிட்லர் ஆட்சிக்கு வந்த அதே வருஷம் ஹூகோ யுங்கர்ஸ் கையில் இருந்து எல்லாம் பிடுங்கப்பட்டது. அதற்கு முந்தைய வருஷமே பணக்கஷ்டத்தில் கீசர் கம்பெனியை பாஷ் நிறுவனத்துக்கு விற்றிருந்தார். அடுத்து விமானக் கம்பெனி. தேசத்துரோக வழக்குப் போடுவோம் என்று மிரட்டி முதலில் காப்புரிமைகளையும், பிறகு கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளையும் அரசுக்கு எழுதி வாங்கினார்கள். டெஸ்ஸாவுக்குள் நுழையக்கூடாது என்று தடை. வீட்டுக்காவல். 1935 பிப்ரவரி 3-ம் தேதி, தன் 76-வது பிறந்தநாளன்று செத்துப்போனார்.

அவரைப் புனிதராக்கும் வேலையை நான் செய்யப்போறதில்லை. முதல் உலகப்போரில் யுங்கர்ஸ் போர் விமானம் செய்தவர்தான். இருபதுகளில் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனிக்குள் போர் விமானம் செய்யக்கூடாது என்றபோது, அவருடைய ஜி-24 பயணிகள் விமானத்தைக் குண்டு போடும் விமானமாக மாற்றும் வேலை சுவீடனில் லிம்ஹாம்ன் என்ற ஊரில் நடந்தது. சோவியத்துக்கும் சிலிக்கும் விற்றார்கள். ஆகவே பயணிகள் விமானத்தைக் குண்டு விமானமாக்கும் வித்தையை நாஜிகள் கண்டுபிடிக்கவில்லை. கடையோடு சேர்த்து வாங்கினார்கள்.

ஆனாலும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. 1933 வரைக்கும் யு-52-க்கு வாடிக்கையாளர்கள் பலர். அதற்கப்புறம் பெரும்பாலும் ஒரே வாடிக்கையாளர், அதுவும் கம்பெனியையே விழுங்கிவிட்ட வாடிக்கையாளர். "இது சரிப்படாது சார், வேற டிசைன் பண்ணிக்கலாம்" என்று முதலாளி சொல்ல முடியாது. முதலாளியே அவர்தான்.

1934-ல் வந்தது ஜி3இ. அளவு நோட்டில் இன்னொரு வரி, அவ்வளவுதான் பார்க்க. ஆனால் அந்த வரிக்குள் குண்டு அடுக்கும் அறைகள், முதுகில் ஒரு துப்பாக்கி, வயிற்றுக்குக் கீழே இறக்கி ஏற்றுகிற தொட்டிக்குள் உட்கார்ந்து சுட இன்னொரு துப்பாக்கி. சரியான குண்டு விமானம் தயாராகும் வரை சமாளிக்க என்று சொல்லி நூற்றுக்கணக்கில் செய்தார்கள்.

1936 ஜூலை கடைசியில் ஹிட்லர் அனுப்பிய 20 யு-52 ஸ்பெயின் கதையை மாற்றியது. பிராங்கோவின் படை மொராக்கோவில் மாட்டிக்கொண்டிருந்தது. கடலைக் குடியரசுக் கப்பற்படை மறித்து நின்றது. தெத்துவானில் இருந்து செவியா பக்கம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சிப்பாய்களை இந்த விமானங்கள் கொத்துக் கொத்தாகத் தூக்கிக்கொண்டு போய் இறக்கின. வரலாற்றில் இந்த அளவில் நடந்த முதல் ராணுவ விமானப் போக்குவரத்து இதுதான். 1937 ஏப்ரல் 26-ம் தேதி குவெர்னிக்கா ஊர் மேல் குண்டு போட்ட விமானங்களிலும் யு-52 இருந்தது.

கனடாக் காட்டுக்கு இயந்திரம் சுமந்த அதே உடம்பு. அதே நெளி தகடு. அதே ஸிண்டெல் வரைபடம். நடுவில் ஏழு வருஷம்கூட ஆகலை.

என் முதல் குறை இங்கேதான். எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் வகைப்பட்டியலில் 'ஜிஇ: பயணிகள் விமானம்', 'ஜி3இ: குண்டு விமானம்', 'ஜி4இ: வால்சக்கரம் மாற்றப்பட்டது' என்று எல்லாம் ஒரே அளவு எழுத்தில், ஒரே வரிசையில் நிற்கும். வால்சக்கரம் மாற்றியதும், ஊர்மேல் குண்டு போட மாற்றியதும் ஒரே மாதிரி மாற்றமா? எஞ்சின் குதிரைத்திறன் போட இடம் இருக்கு, இறக்கை நீளம் போட இடம் இருக்கு. யார் கேட்டார்கள், எதுக்குக் கேட்டார்கள் என்று போட மட்டும் இடம் இல்லை. இடம் இல்லையா, மனசு இல்லையா?

வகைகள் பெருகின, விமானம் வளரவில்லை

சரி, அரசியலை விட்டுருவோம்னு சிலபேர் சொல்வீங்க. "நீங்க வரலாறு பேசறீங்க, நாங்க எஞ்சினியரிங் பேசறோம்." நல்லது, எஞ்சினியரிங்கே பேசலாம்.

1935 டிசம்பர் 17-ம் தேதி அமெரிக்காவில் டக்ளஸ் டிசி-3 முதல்முறை பறந்தது. வழவழப்பான உடம்பு, உள்ளே மடங்கும் சக்கரம், இரண்டே எஞ்சின். மூணு எஞ்சின் போட்ட அத்தையைவிட வேகம். ஏறும் ஆட்களும் கூடுதல். அந்த நாளோடு யு-52 பழைய விமானம் ஆகிவிட்டது. நெளி தகட்டுக்குக் கொடுத்த விலையை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அந்தக் கடன் வசூலுக்கு வந்தது இப்போதான்.

ஜெர்மனியில் என்ன செய்தார்கள்? எழுத்து சேர்த்தார்கள். ஜி5இ-யில் இன்னும் சக்தியுள்ள எஞ்சின், சக்கரம்-சறுக்கு-மிதவை எதை வேணும்னாலும் மாட்டிக்கும் வசதி. ஜி6இ-யில் எளிமையாக்கிய ரேடியோ. ஜி7இ-யில் ஆட்டோபைலட், இன்னும் பெரிய சரக்குக் கதவு. ஜி8இ-யில் கூரையில் இன்னொரு கதவு. ஜி9இ-யில் கிளைடர் இழுக்கக் கொக்கி. ஜி14இ-யில் ஓட்டுகிறவருக்குக் கவசத் தகடு. அப்புறம் எம்எஸ் என்று ஒரு விசித்திரம்: விமானத்தைச் சுற்றி மூக்கில் இருந்து இறக்கை நுனி வரை ஒரு பெரிய வளையம், வயிற்றுக்குள் ஜெனரேட்டர். வளையத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கடலுக்கு மேலே தாழப் பறந்தால் கீழே இருக்கும் காந்தக் கண்ணிவெடி கப்பல் வந்துட்டதுன்னு ஏமாந்து வெடிக்கும். கேட்க ஜோராக இருக்கும், அதில் உட்கார்ந்து பறந்தவனை நினைச்சா வயிறு கலங்கும்.

இந்தப் பட்டியலைத்தான் 'பல்திறமை' என்று கொண்டாடுகிறோம். நான் வேற மாதிரி படிக்கிறேன். வெள்ளையடிச்சு, ஓடு மாத்தி, முன்னாடி ஒரு ரூம் இழுத்துக் கட்டி, மாடியில ஒரு ஷெட் போட்டு, ஒரே வீட்டில் மூணு தலைமுறை காலம் தள்ளுவோம் பாருங்க, அது. ஒவ்வொரு வேலையும் தனித்தனியாகப் பார்த்தால் புத்திசாலித்தனம். மொத்தமாகப் பார்த்தால், புது வீடு கட்ட யாருக்கும் துணிச்சல் வரலை.

வாரிசு இல்லாமலும் இல்லை. யு-252 என்று ஒன்று 1941-ல் பறந்தது. உயரத்தில் பறக்கக் காற்றழுத்தம் காக்கும் அறை, வண்டியே ஏறும்படி பின்பக்கம் இறங்கும் சாய்வுப் பலகை. எல்லாம் நவீனம். செய்தது 15 மட்டும். உலோகமும் எஞ்சினும் சண்டை விமானங்களுக்கே வேணும் என்று நிறுத்திவிட்டார்கள். அதையே மரமும் எஃகுக் குழாயுமாக எளிமைப்படுத்தி யு-352 என்று செய்தார்கள், அதுவும் சில டஜனோடு முடிந்தது. யு-52 மட்டும் 1944 வரை ஜெர்மன் தொழிற்சாலைகளில் இருந்து வந்துகொண்டே இருந்தது. மொத்தம் ஏறத்தாழ 4,800. அமெரிக்காவில் டிசி-3-இன் ராணுவ வடிவமான சி-47 மட்டும் 10,000-ஐ எட்டியது.

எல்லா வேலைக்கும் ஒரே ஆள்

இப்போ என் பெரிய வாதம். பல்திறமைக்குள் ஒரு பொறி இருக்கு. எல்லா வேலையையும் ஒரே விமானம் செய்தால், ஒரு வேலைக்கு அவசரம் வரும்போது மற்ற எல்லா வேலையும் நிற்கும்.

யு-52 சரக்கு சுமந்தது, பாராசூட் படையை இறக்கியது, காயம்பட்டவர்களைத் தூக்கி வந்தது. இது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத இன்னொரு வேலை, அது வாத்தியார். பல எஞ்சின் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்த பள்ளிகளிலும், மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டக் கற்றுக்கொடுத்த பள்ளிகளிலும் நின்றது இதே யு-52 தான்.

1940 மே மாதம் நெதர்லாந்து படையெடுப்புக்குப் பள்ளிகளில் இருந்து விமானங்களை எடுத்தார்கள், ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களோடு சேர்த்து. இருநூறுக்கும் மேல் யு-52 போயிற்று. 1941 மே மாதம் கிரீட் தீவு. அங்கே நூற்றுக்கும் மேல். 1942 தொடக்கத்தில் ரஷ்யாவில் தெம்யான்ஸ்க் என்ற இடத்தில் சூழப்பட்ட ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு மாதக்கணக்கில் வானத்தில் இருந்தே சோறு போட்டார்கள். விமானங்கள் ஏராளமாக நாசமாயின, ஆனால் படை தப்பித்தது. அந்த வெற்றிதான் விஷம். "அங்கே முடிஞ்சது, இங்கேயும் முடியும்" என்ற நம்பிக்கை வந்தது.

'இங்கே' என்பது ஸ்டாலின்கிராட். 1942 நவம்பரில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வளையத்துக்குள். ஒரு நாளைக்குக் குறைந்தது 300 டன் வேணும் என்று கணக்கு. விமானப்படை பார்த்துக்கொள்ளும் என்று கோரிங் வாக்குக் கொடுத்தார். உள்ளே போய்ச் சேர்ந்தது சராசரியாக 100 டன்னை ஒட்டி. மூடுபனி, உறைபனி, எஞ்சின் உறைந்து கிளம்பாத காலைகள், ரஷ்யச் சண்டை விமானங்கள். 1943 பிப்ரவரி தொடக்கத்தில் எல்லாம் முடிந்தபோது இழந்த விமானங்கள் மொத்தம் 488, அதில் 266 யு-52. மறுபடியும் பள்ளிகளைக் காலி செய்து அனுப்பியவை அதில் உண்டு. இரண்டு மாசம் கழித்து, ஏப்ரல் 18, குருத்தோலை ஞாயிறு, துனிசியாவில் இருந்து திரும்பிய யு-52 கூட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்டவை ஒரே மாலையில் சுட்டு வீழ்த்தப்பட்டன.

கணக்கைப் பாருங்க. போனது சரக்கு விமானம் மட்டும் இல்லை. அடுத்த வருஷம் வரவேண்டிய விமானிகளுக்குப் பாடம் எடுக்கவேண்டிய வாத்தியாரும் போனார், வகுப்பறையும் போனது. விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுவது என்று நம்ம ஊர்ல சொல்வோமே, அதுதான் இது. எதையும் செய்யக்கூடிய ஒரு விமானம் இருந்ததால்தான், அதை எதுக்கும் எடுக்கலாம் என்ற தைரியம் மேலே உட்கார்ந்திருந்தவர்களுக்கு வந்தது. சரக்குக்குத் தனி, பயிற்சிக்குத் தனி என்று இருந்திருந்தால் ஒருத்தராவது "சார், இது அந்த வேலைக்கு ஆகாது" என்று சொல்லியிருக்க முடியும். யு-52 விஷயத்தில் அந்தப் பதிலே கிடையாது. எப்பவும் ஆகும். எழுத்து ஒண்ணு சேர்த்தால் போதும்.

அந்தப் போரில் ஜெர்மனி தோற்றதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதையும் சொல்லிடறேன். ஆனால் இந்த வியாதி நாஜிகளோடு ஒழிந்த வியாதி இல்லை. எந்த ஆபீசிலும் ஒருத்தர் இருப்பார் பாருங்க: கணக்கும் பார்ப்பார், கம்ப்யூட்டரும் பார்ப்பார், புதுசா வர்றவங்களுக்குச் சொல்லியும் கொடுப்பார். "அவரு எல்லாம் பார்த்துப்பாரு" என்று பெருமையாகச் சொல்வாங்க. அவருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால்தான் தெரியும், அது பெருமை இல்லை, ஆள் எடுக்காத சோம்பேறித்தனம் என்று.

வரப்போகும் பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்

"இயந்திரம் என்ன பாவம் செய்தது? ஓட்டினவனைச் சொல்லுங்க." இயந்திரத்தை நான் குற்றம் சொல்லவே இல்லை. கத்திக்குப் பாவம் கிடையாதுதான். ஆனால் காய் நறுக்கும் கத்திக்கு இன்னொரு நீளமான அலகு வேணும்னு கொல்லனிடம் ஒருத்தன் ஆர்டர் கொடுத்தால், அந்த ஆர்டர் நோட்டில் அவன் பெயர் இருக்கணும். வகை என்பது இயந்திரம் இல்லை, ஆர்டர்.

"காயம்பட்ட எத்தனை ஆயிரம் பேரை அது காப்பாத்துச்சு தெரியுமா?" தெரியும். ஸ்டாலின்கிராடில் இருந்தே ஆயிரக்கணக்கானோரைத் தூக்கி வந்தது. 1932 முதல் 1935 வரை பொலிவியாவும் பராகுவேயும் சாக்கோ பாலைக்காட்டில் மோதியபோது, பொலிவியாவின் யு-52-கள் சாமானைக் கொண்டுபோய்த் திரும்பும்போது காயம்பட்டவர்களைக் கொண்டுவந்தன. அதுவும் பட்டியலில் ஏறட்டும். நான் கேட்பதே அந்த இடம்தானே. நல்லதும் அதில் ஏறும்.

"அது நல்ல டிசைன் இல்லாமலா போருக்கப்புறமும் ஓடுச்சு?" நல்ல டிசைன்தான், மறுக்கலை. பிரெஞ்சுக்காரர்கள் ஆக்கிரமிப்பின்போது தங்கள் மண்ணில் ஓடிய தொழிற்சாலையைத் தொடர்ந்து நடத்தி டூக்கான் என்ற பெயரில் 400-க்கும் மேல் செய்தார்கள். ஸ்பெயின் காசா 352 என்று 170 செய்தது. சுவிஸ் விமானப்படை 1939-ல் வாங்கிய மூன்றை 1981 வரை ஓட்டியது. நியூகினி மலைகளில் ஐம்பதுகளில் சரக்கு சுமந்தது. ஆனால் டூக்கான்களை எங்கே கொண்டு போனார்கள் என்று பாருங்க: இந்தோசீனாவுக்கு. அங்கேயும் கொஞ்ச நாளில் குண்டு போடும் வேலை. கேட்கிற ஆள் மாறினார், கேட்ட கேள்வி மாறலை.

கடைசி அவதாரம்

அத்தையின் கடைசி அவதாரம் சுற்றுலா. சுவிஸ் விமானப்படை ஓய்வு கொடுத்ததை எடுத்து எண்பதுகளில் இருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு ஆல்ப்ஸ் மலையைச் சுற்றிக் காட்டினார்கள். இன்றைய லுஃப்ட்ஹன்சாவும் நார்வே, ஈக்வடார், அமெரிக்கா என்று சுற்றிவந்த ஒரு பழைய யு-52-ஐ 1984-ல் வாங்கிப் புதுப்பித்து, 2018 வரை பறக்கவிட்டது. பழைய எஞ்சின் சத்தம், ஜன்னல் வழியே பனிமலை. டிக்கெட்டுக்கு அடிதடி. யாருக்குத்தான் ஆசை இருக்காது? எனக்கும் இருந்தது.

2018 ஆகஸ்ட் 4-ம் தேதி சுவிட்சர்லாந்தில் பிட்ஸ் செக்னாஸ் மலைக்கருகே அதில் ஒன்று விழுந்தது. உள்ளே இருந்த 20 பேரும் இறந்தார்கள். 2021-ல் வந்த விசாரணை அறிக்கை, குறுகிய பள்ளத்தாக்குக்குள் ஆபத்தான முறையில் தாழப் பறந்ததை முக்கியக் காரணமாகச் சொன்னது. பராமரிப்பிலும் மேற்பார்வையிலும் இருந்த ஓட்டைகளையும் சொன்னது. அறிக்கை வரும் முன்பே, 2019-லேயே அந்த விமானங்களில் காசு வாங்கி ஆள் ஏற்றுவதை சுவிஸ் அரசு நிறுத்திவிட்டது.

இந்தச் சுற்றுலாவும் என் கணக்கில் ஒரு வகைதான், எழுத்து மட்டும் வைக்கலை. இதைக் கேட்டது எந்த அரசும் இல்லை. நம்மை மாதிரி ஆசைப்பட்டவங்கதான் கேட்டாங்க. அத்தை மேல் பாசம் இருக்கலாம், தப்பில்லை. ஆனால் 'அத்தை' என்று செல்லமாகக் கூப்பிட ஆரம்பித்ததும் கேள்வி கேட்கிற பழக்கம் போய்விடுகிறது. எண்பது வயசு நெருங்கும் அத்தையிடம் இந்த வேலையைச் சொல்லலாமா என்று யாரும் கேட்பதில்லை.

அதனால விமானத்தைப் பற்றி எழுதுகிற பதிவர்களுக்கு என் ஒரே வேண்டுகோள். அடுத்த முறை எந்த விமானத்துக்காவது வகைப்பட்டியல் போடும்போது, குதிரைத்திறனுக்குப் பக்கத்தில் இரண்டு கட்டம் கூடுதலாகப் போடுங்க. ஒன்று: இதைக் கேட்டது யார், எதுக்கு? இரண்டாவது: இதைச் செய்ததால் எதைச் செய்யாமல் விட்டார்கள்? யு-52-க்கு இந்த இரண்டு கட்டத்தையும் நிரப்பிப் பார்த்தேன். ஜிஇ-க்கும் ஜி3இ-க்கும் நடுவில் ஒரு எண் மட்டும்தான் வித்தியாசம் என்று இனிமேல் என்னால் படிக்க முடியலை.

டிஸ்கி: "டிசி-3-க்கும் இதே மாதிரி எழுதுவீங்களா?" என்று கேட்கப்போகிறவர்களுக்கு: எழுதணும். வியட்நாமில் அதன் பக்கவாட்டில் துப்பாக்கிகளை மாட்டி ஏசி-47 என்று பெயர் வைத்தார்களே, அந்த வரியில் இருந்தே தொடங்கலாம். யாராவது முந்திக்கிட்டீங்கன்னா சுட்டி கொடுங்க, முதல் பின்னூட்டம் என்னுடையது :-)